பற்சக்கரம் பழகும்வரை

“திரும்பக் கழட்டுங்க, நயாஸ் பாய்.”

ஸ்டெல்லா இதைச் சொன்னபோது மெக்கானிக் நயாஸ் பாய் ஜீப்பின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்தார். முகம் தெரியவில்லை. இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்கள் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அவருக்குக் கோபம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

சிவாஜிநகரில், கறிக்கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில் அவருடைய ஷெட். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியின் பின் ஆக்சிலில் தேங்காய் மாதிரி ஒரு உருண்டை இருக்குமே, அதன் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து வந்த கியர் ஆயில் வாடை கெட்டுப்போன முட்டை மாதிரி மூக்கில் ஏறியது.

ஸ்டெல்லா என் மனைவி. வண்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மொபைல் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பற்சக்கரத்தின் பற்களில் நீலப் பசை தடவியிருந்தது. சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால், ஒரு பல் இன்னொரு பல்லை எந்த இடத்தில் தொடுகிறதோ அந்த இடத்தில் பசை அழிந்து ஒரு தடம் விழும். அந்தத் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுக்காக ஆட்கள் நாள்கணக்கில் மாரடிக்கிறார்கள்.

நயாஸ் பாய் வெளியே வந்தார். “நல்லாத்தானே இருக்கு மேடம். நடுவுல வந்துடுச்சே.”

“நடுவுல இல்ல. வெளி ஓரத்துக்குப் போகுது. லோடு ஏறினா இன்னும் போகும்.”

“ஒரு நூல் அளவு மேடம்! இதுக்குப் போயி மறுபடியும் பேரிங்கெல்லாம் பிடுங்கணும். நக்கோ மேடம், வேணாம், விட்டுடுங்க.”

“நூலுன்னா நூலுதான். கழட்டுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஸ்டெல்லா, அவரே நல்லா இருக்குன்னு சொல்றாரு. போதும்மா,” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “ஏங்க, நான் எப்பவாச்சும் உங்க ஆபீசுக்கு வந்து, இந்தக் கிளெயிமப் பாஸ் பண்ணுங்கன்னு சொல்லியிருக்கேனா?”

அவளுடைய இடது கால் பிளாஸ்டிக் தாங்கிக்குள் பொம்மைக் கால் மாதிரி நீட்டியபடி இருந்தது. எனக்கு இருந்த அவசரமெல்லாம் அந்தக் காலைப் பார்த்து வந்ததுதான்.

பயந்தவனும் பாறை ஏறுபவளும்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கல்யாணக் கூத்தைப் படித்துச் சிரித்த வாசகர்கள், அதே மாதிரி இன்னும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியரும் அதையே சொன்னார். இந்த வாரம் அது நடக்காது. சிரிக்க வேண்டும் என்று வந்தவர்கள் தயவுசெய்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் வாகன விபத்துப் பிரிவில் உட்கார்ந்தவன். நசுங்கிய பம்பர், உடைந்த கண்ணாடி, இவற்றின் போட்டோக்களைப் பார்த்தே தலை நரைத்தது. சாலையில் போகும் எந்த வண்டியைப் பார்த்தாலும் அது நாளை என் மேசைக்கு எப்படி வந்து சேரும் என்றுதான் தோன்றும். வண்டி ஓட்டத் தெரியும். நாற்பதைத் தாண்டினால் மட்டும் செபமாலையைத் தேடுவேன்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு பாறை ஏறப் போவாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கும் இது பிடிக்கவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதால் வந்த கிறுக்கு என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். அவள் காதில் விழுந்தது. “குழந்தை இருந்திருந்தா அதையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்,” என்றாள்.

அவளுக்கு வேலை பீன்யாவில், பற்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில். பரிசோதனை அறையில் உட்கார்ந்து, நல்லதை உள்ளே தள்ளி, கெட்டதைச் சிவப்புப் பெட்டியில் போடுவது. அவள் போட்டதை வெளியே எடுக்க மேனேஜருக்கே தைரியம் கிடையாது என்பார்கள்.

அவள் காதும் அப்படித்தான். ஒரு தடவை நாங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று என் கையைப் பிடித்து, “பின் ஆக்சில் அழுதுட்டு இருக்குங்க, கேக்குதா?” என்றாள். எனக்குப் பக்கத்து ஆள் குறட்டைதான் கேட்டது. இறங்கும்போது நேரே டிரைவரிடம் போய்க் கன்னடத்தில் எடுத்துச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீவே ரிப்பேரி மாட்பிடி மேடம்,” என்று கும்பிட்டார். நீங்களே சரிபண்ணிடுங்க தாயே என்று அர்த்தம்.

பெரிய டயர்

ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டது சில வருடங்களுக்கு முன்பு. பாறையில் வண்டியின் அடிவயிறு தட்டாமல் இருக்க அப்படிப் போடுவார்களாம். வீட்டு வாசலில் அந்த நான்கு டயர்களும் வந்து இறங்கியபோது, யாரோ லாரியைப் பிரித்துக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

டயர் பெரிதானதும் வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சின்னப் பையன் அப்பாவின் சைக்கிளை மிதிக்கிற மாதிரி. ஒரு சுற்றுக்கு முன்பைவிட அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது, இழுக்கும் என்ஜின் மட்டும் பழைய என்ஜின்தான். ஏற்றம் வந்தால் இடது காலால் பாதிக் கிளட்ச்சை மிதித்து மிதித்தே ஏற்றுவாள்.

இதற்கு மருந்து அவளுக்குத் தெரியும். ஆக்சிலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரமான பினியனையும் பெரிய பற்சக்கரமான கிரவுனையும் மாற்ற வேண்டும். முன்பு பினியன் நான்கு சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று. இனிமேல் ஐந்துக்கு மேல் சுற்றினால்தான் ஒரு சுற்று. வேகம் குறையும், இழுவை கூடும். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் ஒரே கணக்காக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து எதையாவது உடைத்துவிடும்.

“அடுத்த வருஷம் பண்ணிக்கலாம்,” என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செருப்பு

ஒருநாள் கோயில் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். பின்னால் வந்த ஒரு அம்மாள், “ஏம்மா, செருப்பு விட்டுட்டுப் போறியே,” என்றாள். ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. கால் அதைப் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டது.

அதன் பிறகு ஸ்கேன், ஊசி, கரண்ட் வைத்துப் பார்க்கும் பரிசோதனை எல்லாம் நடந்தன. கடைசியில் ஒரு டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். தசையை ஆட்டுகிற நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய். மருந்து இல்லை. ஒரு கால், இன்னொரு கால், கைகள், தொண்டை, கடைசியில் மூச்சு. எது முன்னால் எது பின்னால் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் அழுதேன். அவள், “கை எப்ப டாக்டர்?” என்று மட்டும் கேட்டாள். “சொல்ல முடியாதும்மா” என்றார்.

ஆட்டோவில் வரும்போது விரல்களை மடக்கி மடக்கி எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். செபம் பண்ணுகிறாள் என்று நினைத்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன். வீடு வந்ததும், “கிளட்ச் இல்லாமலேயே ஓட்டலாங்க,” என்றாள்.

கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

வண்டியை இருப்பதிலேயே மெதுவான கியரில் போட்டுவிட்டு, கிளட்ச்சைத் தொடாமல் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டரே வண்டியை நகர்த்திக் கிளப்பிவிடும். நிற்க வேண்டுமானால் சாவியை அணைத்தால் போதும். பழைய பற்சக்கரத்தில் இது ஆகாது. பெரிய டயரோடு வண்டி குதிக்கும், ஏற்றத்தில் அணைந்துபோகும். இழுவையைக் கூட்டிவிட்டால் ஆள் நடக்கிற வேகத்தில் தானாக ஊர்ந்து ஏறும். இடது காலும் வேண்டாம், ஆக்சிலரேட்டரைக்கூடத் தொட வேண்டாம்.

“எங்க ஏறணும்?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

மாகடி தாண்டி ஒரு கல்லேற்றம் இருக்கிறது. கல்குவாரிக்காரர்கள் விட்டுப்போன தடம். அவள் முதன்முதலில் ஏறியது அங்கேதான்.

“ஒரே ஒரு தடவை. நானே ஓட்டி மேல போகணும். அப்புறம் வண்டிய வித்துடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அந்த வண்டி எப்போது ஒழியும் என்று நேர்ந்துகொண்டவன் நான். அன்றிலிருந்து, அது சீக்கிரம் தயாராக வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

நயாஸ் பாயின் யோசனைகள்

விஷயத்தைக் கேட்டதும் நயாஸ் பாய் அழுக்குத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார்.

“கியரெல்லாம் எதுக்கு மேடம்? கை கிளட்ச் வெச்சுத் தர்றேன். ஒயர் இழுத்து விட்டா ரெண்டு நாள் வேலை. ஆய்த்து, முடிஞ்சது.”

ஸ்டெல்லா இடது கையை நீட்டிக் காட்டினாள். சுண்டு விரல் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. “இது எவ்வளவு நாள் சொன்ன பேச்சு கேக்கும்னு தெரியல பாய். பல்லை மாத்திடுங்க.”

முதலில் வந்த ஜோடியை அவளே ஒதுக்கினாள். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று உரசிப் பொருத்திப் பார்க்கப்பட்ட ஜோடியாகத்தான் வரும். அந்த அடையாளம் இரண்டிலும் பொறித்திருக்கும். வந்தவற்றில் அடையாளம் ஒத்துப்போகவில்லை. “வேற வீட்டுப் பொண்ணு, வேற வீட்டு மாப்பிள்ளை. ராத்திரி பூரா ஊளை விடும்,” என்று திருப்பி அனுப்பினாள். அடுத்த ஜோடி வரக் காத்திருந்தோம். காத்திருந்தபோது அவள் கைக்குக் கைத்தடி வந்தது.

பிறகுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன நீலப் பசை நாடகம். பினியனுக்கு அடியில் தாள் மாதிரி மெல்லிய தகட்டு வளையங்கள் வைப்பார்கள். தடம் ஒரு நூல் விலகினால் வளையத்தை மாற்ற வேண்டும். மாற்ற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பின் ஆக்சில் முடிந்தால் முன் ஆக்சில். கைத்தடி போய் நான்கு கால் ஊன்றுகோல் வந்தது.

ஒருநாள் டீக்கடையில் நயாஸ் பாய் என் காதருகே வந்தார். “சார், ஒரு யோசனை. பசைய நடுவுல மட்டும் தடவிடறேன். மேடம் பாத்தா நடுவுலதான் தடம் தெரியும். இன்னைக்கே மூடிடலாம்.”

“பண்ணுங்க,” என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் டீயை உறிஞ்சினார். அப்புறம் தலையை ஆட்டினார். “வேணாம் சார். கண்டுபிடிச்சிடுவாங்க. கேட்டா நீங்கதான் சொன்னீங்கன்னு சொல்லிடுவேன், மறைக்கிற தைரியம் எனக்கு இல்ல.”

கடைசியில் ஒரு மத்தியானம் ஸ்டெல்லா டார்ச்சை அணைத்துவிட்டு, பல்லின் மேல் விரலை வைத்துத் தடவினாள். விரல் நீலமானது. “பாஸ்,” என்றாள். நயாஸ் பாய் எல்லா வாடிக்கையாளருக்கும் வைக்கிற எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்தார். அவர் துருக்கர், நாங்கள் வேதக்காரர்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்பார்.

“ஞாயித்துக்கிழமையே மாகடி போயிடலாம்,” என்றேன்.

“ரன்னிங் இன் முடியாம ஏத்தக் கூடாது,” என்றாள் ஸ்டெல்லா.

ரன்னிங் இன்

ஐம்பது வயது தாண்டிய வாசகர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். புது ஸ்கூட்டர் வாங்கினால் பின்னால் ஒரு அட்டை மாட்டியிருப்பார்கள்: ‘ரன்னிங் இன்’. இப்போதுதான் வந்த வண்டி, மெதுவாகத்தான் போகும், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எங்கள் தெருவில் ஒரு மாமா அந்த அட்டையை ஸ்கூட்டர் துருப்பிடித்த பிறகும் கழற்றவில்லை. மெதுவாகப் போவதற்கு ஒரு கௌரவமான காரணம் அவருக்குக் கிடைத்திருந்தது.

புதுப் பல்லுக்கும் அதே கதைதான். முதலில் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்த வேண்டும். ஆக்சில் முழுக்க ஆறியதும் இன்னும் கொஞ்சம் தூரம். இப்படித் திரும்பத் திரும்ப. பாரம் கூடாது, ஏற்றம் கூடாது. பற்கள் ஒன்றையொன்று தேய்த்துப் பழகும். பழகுவதற்குள் பாரம் ஏற்றினால் பல்லின் மேற்பரப்பு வெந்துவிடும். அப்புறம் பழைய எண்ணெயை இறக்கிப் புதிது ஊற்ற வேண்டும். இறங்கும் எண்ணெயில் வெள்ளிப்பொடி மாதிரி மினுக்கும்.

தார்ச்சாலையில், போக்குவரத்தில், கிளட்ச் இல்லாமல் ஆகாது. ஆகவே ஓட்டியது நான். அந்த ஜீப்பின் ஸ்டீயரிங்கை அதுவரை துடைக்கக்கூடத் தொட்டதில்லை. விடிந்ததும் கிளம்புவோம். ஹென்னூர் சாலை, அதைத் தாண்டி வெளிவட்டச் சாலை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு வருவாள்.

ஓரமாக நிறுத்துவேன். கீழே படுத்து ஆக்சிலைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“எவ்வளவு சூடு?”

“இட்லிப் பானை மூடி மாதிரி.”

“அடுப்புல இருக்கிற மூடியா, இறக்கி வெச்ச மூடியா?”

“இறக்கி வெச்சது.”

“அப்ப சரி. ஆறட்டும்.”

இப்படி வாரங்கள் போயின. ஆக்சில் ஆறிக்கொண்டே இருந்தது. அவள் தேய்ந்துகொண்டே இருந்தாள். வலது காலும் இழுக்க ஆரம்பித்தது. ஒரு காலை வேளை காபி டம்ளர் அவள் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. கைதவறவில்லை. பிடித்துக்கொண்டேதான் இருந்தாள், விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. இரண்டு பேரும் தரையில் ஓடிய காபியைப் பார்த்தோம்.

“நாளைக்குப் போறோம்,” என்றேன்.

“இன்னும் எண்ணெய் மாத்தல.”

அன்றைக்கு நான் கத்தினேன். கல்யாணமாகி அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. “வெந்து போனாப் போகட்டும் ஸ்டெல்லா! ஒரு தடவைதானே ஏறணும்? அதுக்கப்புறம் அது ஊளை விட்டா என்ன, உடைஞ்சா என்ன? அதுக்கா நாள் இல்ல? உனக்குத்தான்டி நாள் இல்ல!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அவள் கோபப்படவில்லை. “பாதி வழியில பல்லு போச்சுன்னா அந்த ஒரு தடவையும் போச்சுங்க,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “பச்சைப் பல்லுல லோடு ஏத்த என்னால ஆகாது. தெரிஞ்சே எப்படிப் பண்ணுவேன்?” என்றாள்.

நயாஸ் பாயும் நானும் தனியாகப் பேசிக்கொண்டோம். “வேகாது சார், அவ்வளவு மெதுவாப் போறதுக்கு ஒண்ணும் ஆகாது. நான் ஜவாப்தாரி,” என்றார் அவர். அதையும் அவளிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க அரைகுறைப் பல்லை வெளியே விடாதவள். தனக்காகவும் விட அவளால் முடியவில்லை. சொந்தக்காரர்கள் பிடிவாதம் என்றார்கள். எனக்கு அவள்மேல் அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போய்ச் சேர்ந்தவள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

எண்ணெய் மாற்றினோம். இறங்கிய எண்ணெயில் பொடி மினுக்கியது. அதை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்துவிட்டு, “இப்பப் போலாம்,” என்றாள்.

கல்லேற்றம்

நயாஸ் பாயும் கூட வந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்தார். மாகடி சாலையில் நான்தான் ஓட்டினேன். தடம் ஆரம்பிக்கிற இடத்தில், செம்மண் தரையில் நிறுத்தினேன். நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார்த்தி, இடுப்புக்கு இரண்டு பக்கமும் தலையணை செருகி, பெல்ட்டைப் போட்டோம். அவ்வளவு லேசாகியிருந்தாள்.

கியரை நயாஸ் பாய் போட்டுக் கொடுத்தார். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். டேஷ்போர்டின் நடுவில் இருந்த சாவியை ஸ்டெல்லா இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் உறுமியது. வண்டி ஒரு முறை சிலிர்த்து, அப்படியே நகர ஆரம்பித்தது.

அவள் சொன்னது அத்தனையும் சரி. ஒரு காலும் எதையும் தொடவில்லை. நயாஸ் பாய் பக்கத்தில் நடந்து வந்தார், அவர் நடைக்கு வண்டியும் வந்தது. சமதரையில் ஒரு பெரிய வட்டம் அடித்தாள். சிரித்தாள். எவ்வளவோ நாளாகப் பார்க்காத சிரிப்பு. “பாத்தீங்களா? பாத்தீங்களா?” என்றாள். பேச்சு அப்போதே கொஞ்சம் குழறியது.

பிறகு வண்டியைப் பாறைக்குத் திருப்பினாள். முதல் படி மாதிரி இருந்த கல்லில் முன் டயர் ஏறியது, பின் டயர் ஏறியது. பதறாமல் ஏறியது. என் பயம்கூட ஒரு நிமிடம் போய்விட்டது.

இரண்டாவது கல் சாய்வாக இருந்தது. டயர் அதில் பட்டதும் ஸ்டீயரிங் ஒரு உதை உதைத்தது. அந்தப் பெரிய டயர்கள் கல்லில் பட்டால் ஸ்டீயரிங்கை உதைக்கும், பிடித்து அடக்க வேண்டும். அவள் கையிலிருந்து ஸ்டீயரிங் வளையம் சுழன்று போனது. வண்டி ஓரத்தைப் பார்த்துத் திரும்பியது. ஓரத்துக்கு அப்பால் குவாரிப் பள்ளம். ஒரு கையை எடுத்துச் சாவியைப் பிடித்தாள். விரல்கள் சாவியின் மேல் இருந்தன. திருப்ப முடியவில்லை.

நான் திருப்பினேன்.

வண்டி அங்கேயே நின்றது. புதுப் பல் அதைச் சரிவில் அப்படியே பிடித்துக்கொண்டது. நயாஸ் பாய் ஓடிவந்து பின் டயருக்குக் கல் வைத்தார். மூச்சிரைத்தபடி அல்லாவைக் கூப்பிட்டார்.

“இன்னொரு தடவை,” என்றாள் ஸ்டெல்லா.

நயாஸ் பாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் வண்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தேன். மறுபடியும் அவளை உட்கார்த்தினோம். மறுபடியும் முதல் கல் ஏறியது. மறுபடியும் அதே இரண்டாவது கல்லில் கை விட்டது. இந்தத் தடவை என் கை முன்பே சாவியில் இருந்தது.

திட்டமெல்லாம் காலுக்காகப் போட்டது. கிளட்ச்சுக்கு வழி கண்டுபிடித்தாள், ஆக்சிலரேட்டருக்குக் கண்டுபிடித்தாள். காபி டம்ளர் விழுவதற்கு முன்னால் வந்திருந்தால் ஏறியிருப்பாள். இதை மூன்று பேருமே அந்த இடத்தில் நினைத்தோம்.

“போதும் மேடம்,” என்றார் நயாஸ் பாய்.

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை இறக்கினாள். பிறகு, “நீங்க ஓட்டுங்க,” என்றாள்.

அவளை இந்தப் பக்கம் மாற்றி உட்கார்த்தினோம். நான் ஓட்டினேன். நயாஸ் பாய் முன்னால் பின்னோக்கி நடந்தபடி, வலது, இடது என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். இரண்டாவது கல்லில் ஸ்டீயரிங் உதைத்தபோது அடக்கிப் பிடித்தேன். எனக்குக்கூட முடிந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வண்டி சத்தமில்லாமல் ஏறியது. ஊளை இல்லை, உறுமல் இல்லை. டயருக்கடியில் சரளை நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மேலே போய், தட்டையான பாறையில் நிறுத்திச் சாவியை அணைத்தேன். எதிரே மலைக்கு மேல் மலையாகப் பாறைகள். காற்று பலமாக அடித்தது. நயாஸ் பாய் எங்களைத் தனியாக விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவளைத் தேற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. “வந்துட்டோம் ஸ்டெல்லா,” என்றேன். “ஒரு சின்னச் சத்தம் இல்ல பாத்தியா, உன் பல்லு?”

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“நீங்க வந்துட்டீங்க,” என்றாள். “நான் வரல.”

அவள் மடியில் கிடந்த கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். கோபமாக இருக்கும்போது தொட்டால் அவளுக்குப் பிடிக்காது, வெடுக்கென்று உருவிக்கொள்வாள். அன்றைக்கும் உருவப் பார்த்தாள். விரல்கள் லேசாக அசைந்தன, அவ்வளவுதான். நான் விடவில்லை.